பேரூராட்சி நகராட்சி ஆகிவிட்டது... முதலில் எதைச் செய்யணும்? ஸ்ரீபெரும்புதூர் காட்டும் கணக்கு

புது தார் ரோடு. கறுப்பு நிறம்கூட இன்னும் மங்கவில்லை. மூன்றாவது மாதம் ஜேசிபி வந்து நட்டநடுவில் பள்ளம் தோண்டுகிறது. "இப்பதானே ரோடு போட்டாங்க, அதுக்குள்ள என்ன?" என்று கேட்டால், "குடிநீர் பைப் போடணும்" என்கிறார்கள். பைப் போட்டு மூடி ஆறு மாதம் போனதும் அதே தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம். தமிழ்நாட்டில் வேகமாக வளரும் எந்த ஊரிலும் இந்தக் காட்சி புதிதல்ல.

"எல்லாம் கமிஷன் சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் இதற்குள் வேறொரு பிரச்னையும் இருக்கிறது. ரோட்டுக்கு ஒரு திட்டம், பைப்புக்கு இன்னொரு திட்டம், வடிகாலுக்கு மூன்றாவது திட்டம். ஒவ்வொன்றுக்கும் தனி நிதி, தனி டெண்டர், தனி கெடு. எதற்குப் பணம் முதலில் வருகிறதோ அது முதலில் நடக்கிறது. எது முதலில் நடக்க வேண்டும் என்பதை யாரும் முடிவு செய்வதில்லை.

இந்தக் கேள்வி இப்போது பல ஊர்களுக்கு அவசரமாகியிருக்கிறது. 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள் உருவாக்கப்படும் என்று 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கன்னியாகுமரி, அவிநாசி, பெருந்துறை, அரூர் போன்ற ஊர்கள் நகராட்சிப் பட்டியலில் இடம்பிடித்தன. அந்தப் பட்டியலில் இருந்த ஸ்ரீபெரும்புதூரை எடுத்துக்கொண்டு பார்த்தால், ஒரு சிறிய ஊர் பெரிதாகும்போது என்னென்ன நடக்கும் என்பது ஓரளவு புரிந்துவிடும்.

போர்டு மாறினால் என்ன மாறும்?

பேரூராட்சியின் நிர்வாகத்தை செயல் அலுவலர் கவனிப்பார். நகராட்சிக்கு ஆணையர் வருவார். பொறியியல், பொது சுகாதாரம், நகரமைப்பு, வருவாய் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். பேரூராட்சிகள் இயக்குநரகத்தின் கீழ் இருந்த ஊர், நகராட்சி நிர்வாக இயக்குநரகத்தின் கீழ் வரும். பெரிய திட்டங்களுக்கு நிதி கேட்கும் தகுதியும் கூடும்.

ஆனால் பணியிடங்கள் நிரம்பவே நாளாகும். போர்டில் "நகராட்சி" என்று எழுத ஒரு நாள் போதும். குழாய் உடைந்தால் ஓடி வரும் பிட்டரும், ப்ளான் அப்ரூவலைச் சரிபார்க்கும் நகரமைப்பு ஆய்வாளரும் அதே வேகத்தில் வந்துவிடுவதில்லை.

பக்கத்து கிராம ஊராட்சிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பும் வருகிறது. 2025 அறிவிப்புக்குப் பிறகு பல மாவட்டங்களில் கிராம மக்கள் போராடியதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. ஒன்று, நூறு நாள் வேலை போய்விடும். இரண்டு, வரி ஏறும். முதல் பயம் நியாயமானது. அந்தத் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது. இரண்டாவது பயத்துக்கு நகராட்சி வார்த்தையால் பதில் சொல்ல முடியாது, வேலையால்தான் சொல்ல முடியும்.

ஆள் இங்கே, வரி அங்கே

ராமானுஜர் பிறந்த ஊர், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்று அறியப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூரின் அடையாளம் 1990-களின் இறுதியில் மாறியது. 1996-ல் அடிக்கல் நாட்டப்பட்ட ஹூண்டாய் ஆலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடப்பட்டது. ஃபாக்ஸ்கான் இருக்கிறது, செயின்ட் கோபெய்ன் இருக்கிறது, நூற்றுக்கணக்கான உதிரிபாக நிறுவனங்கள் இருக்கின்றன.

இவ்வளவு ஆலைகள் இருந்தால் உள்ளாட்சி செழிப்பாக இருக்க வேண்டுமே என்று தோன்றும். சிக்கல் இங்கேதான். ஹூண்டாய் நிற்பது இருங்காட்டுக்கோட்டையில். ஃபாக்ஸ்கான் இருப்பது சுங்குவார்சத்திரம் பக்கம். ஒரு கட்டடத்தின் சொத்து வரி, அது எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் போகும். ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளி வாடகைக்கு இருப்பதும், மளிகை வாங்குவதும், பஸ் ஏறுவதும், குப்பை போடுவதும் ஊருக்குள். அவர் வேலை பார்க்கும் ஆலையின் வரி பக்கத்து ஊராட்சிக்கு. சுமை ஒரு இடத்தில், வருமானம் இன்னொரு இடத்தில் என்பது இந்த ஊருக்கு மட்டும் உள்ள பிரச்னையும் அல்ல. தொழிற்பேட்டைகளைச் சுற்றி வளரும் ஊர்கள் பலவற்றிலும் இதுதான் நிலைமை.

அதனால் இப்படிப்பட்ட ஊருக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிடும் வசதி கிடையாது. வரிசை முக்கியமாவது அதனால்தான்.

முதலில் எண்ணிக்கை

2001 கணக்கெடுப்பில் ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சியின் மக்கள்தொகை சுமார் 16 ஆயிரம். 2011-ல் சுமார் 25 ஆயிரம். அதற்குப் பிறகு? 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. மக்களை எண்ணும் பணி 2027 பிப்ரவரியில் நடக்கும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அதுவரை காகிதத்தில் இருப்பது பழைய எண்தான்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒரு கட்டடம் சாட்சி. வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் பெண் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதில் 18,720 பேர் தங்கலாம். 2011-ல் ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சி முழுவதும் வாழ்ந்தவர்களில் சுமார் முக்கால் பங்கு பேர், ஒரே வளாகத்தில்!

அந்த வளாகத்துக்குத் தண்ணீர், கழிவுநீர் எல்லாம் திட்டமிட்டுத்தான் கட்டினார்கள். லைன் வீடுகளில் அப்படி இல்லை. ஒரு வீட்டின் பின்பக்கம் பத்து அறை கட்டி, அறைக்கு நான்கு பேர் என வாடகைக்கு விட்டால் அங்கே 40 பேர். நகராட்சிப் பதிவேட்டில் அது ஒரே வீடு, ஒரே குடிநீர் இணைப்பு. வடமாநிலத் தொழிலாளர்கள் பலருக்கு ரேஷன் கார்டும் ஓட்டும் சொந்த ஊரில் இருப்பதால், இங்கே கவுன்சிலர் கணக்கிலும் அவர்கள் வருவதில்லை.

ஆக, புதிய நகராட்சி முதலில் செய்ய வேண்டிய வேலைக்குப் பெரிய டெண்டரே தேவையில்லை. வீடு வீடாகப் போய், எத்தனை கட்டடம், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று எழுதி வர வேண்டும். அவ்வளவுதான். கல்வெட்டு வைத்துத் திறப்பு விழா நடத்த முடியாத வேலை என்பதாலோ என்னவோ, இது எப்போதும் தள்ளிப்போகிறது.

தண்ணீர் வந்தால் கழிவுநீரும் வரும்

குடிநீர்தான் முதல் தேவை, இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. பாதாள சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், இல்லாத ஊரில் 70 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டும் அளவு. குடிநீர்த் திட்டம் வந்ததும் மேல்நிலைத் தொட்டி எழும்பும், குழாயில் தண்ணீர் வரும், மக்கள் மகிழ்வார்கள். அந்தத் தண்ணீர் பயன்படுத்தப்பட்ட பிறகு எங்கே போகும் என்ற கேள்வி மட்டும் அந்தத் திட்ட அறிக்கைக்குள் வராது.

ஒரு எளிய கணக்கு. 50 ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்றால் தினமும் 67.5 லட்சம் லிட்டர் வேண்டும். வரும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. அதாவது ஒரு நாளைக்கு 54 லட்சம் லிட்டர். பாதாள சாக்கடை இல்லாவிட்டால், குளியலறை, சமையலறைத் தண்ணீர் தெருக் கால்வாய்க்குப் போகும். கால்வாய் ஏரிக்குப் போகும்.

ஸ்ரீபெரும்புதூரில் இது உள்ளூர் பிரச்னையோடு நிற்காது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தை நோக்கி ஓடுகிறது. செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரி. இங்கே ஒரு தெருவில் திறந்துவிடப்படும் கழிவுநீருக்கும் சென்னையில் ஒரு வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்கும் தொடர்பு இருக்கிறது.

கழிப்பறைக் கழிவு செப்டிக் டேங்குக்குப் போகிறது. அதை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நிரம்பி வழியும்போதுதான் லாரியைக் கூப்பிடுகிறார்கள். நான்கு பேருக்குக் கட்டிய தொட்டியை 40 பேர் பயன்படுத்தினால் அது சீக்கிரமே நிரம்பும். லாரி எடுத்துப் போவதை எங்கே கொட்டுவது? முறையான இடம் பக்கத்தில் இல்லையென்றால் இரவோடு இரவாக வாய்க்காலோ, காலி மனையோ.

லாரி வராவிட்டால் இன்னும் மோசம். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது 2013-ல். இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு கூடியிருக்கிறது. ஆனால் ஒரு ஊரில் எத்தனை செப்டிக் டேங்க் இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள், எந்த இயந்திரம் வந்தது என்ற பதிவேடு இருந்தால் அந்த இழப்பீட்டுக்கே தேவை வராது.

பாதாள சாக்கடை போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நல்ல தீர்வுதான். ஆனால் ஊர் முழுக்கத் தோண்ட வேண்டும், பம்பிங் ஸ்டேஷன் வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் வேண்டும், பல ஆண்டுகள் பிடிக்கும். முடிந்த பிறகும் டெபாசிட் கட்டி வீட்டு இணைப்பு வாங்கினால்தான் பயன். அதுவரை என்ன செய்வது என்பதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை ஒட்டிய கருங்குழி ஒரு பதில் வைத்திருக்கிறது.

கருங்குழி ஒரு பேரூராட்சி. 2017-ல் அங்கே செப்டிக் டேங்க் கசடுகளைச் சுத்திகரிக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. கருங்குழியின் கழிவோடு பக்கத்தில் உள்ள மதுராந்தகம் நகராட்சியின் கழிவையும் லாரிகள் அங்கே கொண்டுவருகின்றன. படுகைகளில் கசடைப் பிரித்துக் காயவைக்கிறார்கள், நீரைத் தனியாகச் சுத்திகரிக்கிறார்கள். பாதாள சாக்கடையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஒரு சின்ன ஊரும் பக்கத்து நகராட்சியும் ஒரே நிலையத்தைப் பகிர்ந்துகொண்டதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ரோடு ஏன் கடைசியில்?

எந்தக் கவுன்சிலரிடம் கேட்டாலும் வார்டு மக்கள் முதலில் கேட்பது ரோடு என்பார். அது பொய்யில்லை. மழையில் சேற்றில் வண்டி ஓட்டுபவருக்கு ரோடு முக்கியம்தான். ரோடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அடியில் போக வேண்டியதெல்லாம் போன பிறகு மேலே போடுங்கள் என்பதுதான் விஷயம். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், வடிகால், கேபிள். இத்தனையும் முடிந்த தெருவில் போடும் ரோடு பல ஆண்டுகள் நிற்கும். முடியாத தெருவில் போடும் ரோட்டுக்கு இரண்டு முறை செலவு.

இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய ரோட்டின் மேலேயே புது அடுக்கு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகும். வீட்டு வாசல் பள்ளமாகும். மழை வந்தால் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் வரவேற்பறைக்கு வரும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டதற்கு இதுதான் காரணம். உங்கள் தெருவில் மில்லிங் நடந்ததா என்பதை வாசல்படியை எண்ணிப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

தெருவிளக்கு, உயர்கோபுர விளக்கு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்த வேலைகள் பெரும்பாலும் நடந்துவிடுகின்றன, இரவில் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும் அல்லவா. குப்பை அப்படி இல்லை. சிறிய ஊரில் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம் குப்பை போடுகிறார் என்று வைத்தால், 50 ஆயிரம் பேருக்கு 15 டன். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரித்து வாங்கினால் பாதிக்கு மேல் உரமாகிவிடும். ஒன்றாக அள்ளி ஏரிக்கரையில் கொட்டினால், பத்து ஆண்டு கழித்து அதை பயோ மைனிங் செய்ய நகராட்சியே டெண்டர் விட வேண்டியிருக்கும்.

இடம் போனால் போனதுதான்

பைப்பை அடுத்த ஆண்டு போடலாம். ரோட்டை அதற்கடுத்த ஆண்டு போடலாம். ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போட முடியாது, அது நிலம்.

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூருக்கு மெட்ரோ, பரந்தூரில் விமான நிலையம் என்று திட்டங்கள் பேசப்படும்போது மனை விலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னைப் பெருநகரப் பகுதியையே 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி 2022-ல் அரசாணை வெளியானது. இன்றைக்கு வயலாக இருப்பது நாளை ப்ளாட். அதற்குள் ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு சுத்திகரிப்பு நிலையம், ஒரு விளையாட்டுத் திடல், ஒரு மயானம் இவற்றுக்கான இடத்தைக் குறித்து வைக்காவிட்டால், பிறகு வாங்க நகராட்சியிடம் பணம் இருக்காது.

சட்டத்தில் வழி இருக்கிறது. 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். வரைபடத்தில் "பூங்கா" என்று பச்சையாக இருக்கும் அந்த இடம் நேரில் இருக்கிறதா, வேலி போட்டிருக்கிறார்களா, இல்லை யாராவது ஷெட் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறார்களா? இதைப் பார்ப்பது நகராட்சியின் வேலை. பட்டியல் எடுத்து, அளந்து, வேலி போட ஆகும் செலவு மிகச் சிறியது. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு தனித் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படி உருவான பகுதிகளில் பல தெருக்களில் தீயணைப்பு வண்டி திரும்பக்கூட இடமில்லை.

பணத்துக்கு எங்கே போவது?

உள்ளாட்சியின் சொந்த வருமானத்தில் முதலிடம் சொத்து வரிக்கு. 2022-ல் தமிழ்நாடு அரசு அதை உயர்த்தியபோது, சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் இருந்தால் 100 சதவீதம் என்று வரி ஏறியது. எதிர்ப்பு வந்தது. ஆனால் வளரும் ஊரில் விகிதத்தை உயர்த்துவதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வரி போடாத கட்டடங்களையும், குடியிருப்பு என்று பதிவாகி வணிகமாக நடப்பவற்றையும் பதிவேட்டில் ஏற்றுவது. ஒழுங்காக வரி கட்டும் சின்ன வீட்டுக்காரர்மேல் மேலும் சுமத்துவதைவிட அது நியாயமானது. மேலே சொன்ன வீடு வீடான கணக்கெடுப்பு இங்கேயும் உதவும்.

மத்திய நிதிக்குழு மானியமும் உண்டு. 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு, சிறு நகரங்களுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம், குப்பை மேலாண்மைக்கென்றே கட்டிப்போட்டது. மீதி 40 சதவீதத்தை உள்ளாட்சி தன் தேவைப்படி செலவழிக்க விட்டது. இப்படிக் கட்டிப்போடாவிட்டால் எல்லாமே ரோட்டுக்கும் ஆர்ச்சுக்கும் போய்விடும் என்று டெல்லியில் யாரோ யோசித்திருக்க வேண்டும்!

மக்கள் எங்கே பேசலாம்?

1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சாசனத் திருத்தம், நகர உள்ளாட்சிகள் கவனிக்கக்கூடிய 18 துறைகளைப் பட்டியலிட்டது. குடிநீர், சாலை, சுகாதாரம், மயானம், தெருவிளக்கு, பூங்கா என எல்லாம் அதில் இருக்கிறது. பட்டியலில் வரிசை எண் உண்டு, முன்னுரிமை கிடையாது. அதை முடிவு செய்ய வேண்டியது நகர்மன்றம்.

கிராம சபை போல நகரங்களுக்கும் வார்டு கமிட்டி, ஏரியா சபை அமைக்க 2022-ல் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சிகள் தினத்தில் தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில் நடந்த ஏரியா சபையில் முதல்வர் ஸ்டாலின் கலந்துகொண்டார். வார்டு கவுன்சிலர் தலைமையில் நடக்கும் இந்தக் கூட்டங்கள் பல ஊர்களில் பேருக்குத்தான் நடக்கின்றன. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கூட்டம் நடந்தால் அங்கே வைக்கக்கூடிய கேள்விகள் சாதாரணமானவை. இந்த ஆண்டு எந்தெந்தத் தெருவில் ரோடு போடப் போகிறீர்கள், அந்தத் தெருவில் பைப்பும் வடிகாலும் முடிந்ததா? நம் வார்டில் நகராட்சிக்கு எழுதிக் கொடுத்த பூங்கா இடம் எத்தனை, அவை எங்கே? செப்டிக் டேங்க் லாரி எடுத்துப் போவதை எங்கே கொட்டுகிறது? லைன் வீடுகளில் இருப்பவர்களையும் சேர்த்து வார்டில் எத்தனை பேர்? பதில்கள் மினிட் புத்தகத்தில் எழுதப்பட்டால், அடுத்த ஏரியா சபையில் அதே பக்கத்தைத் திறந்து வைத்துப் பேச்சைத் தொடங்கலாம்.